குன்றுக்கு முன்னால் ஒரு சரிம்மா

என் சகலை விமானம் ஓட்டுகிறவர். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். ஒரே வீட்டில் பெண்ணெடுத்த இரண்டு பேருக்குள் பகை மூட்ட இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆனாலும் என் மாமனார் தன் பங்குக்கு முயற்சி செய்துகொண்டே இருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் "இவர் பெரிய மாப்பிள்ளை, விமானி" என்று சொல்லி நிறுத்துவார். வந்தவர் வாயைப் பிளந்து மூடும் வரை காத்திருப்பார். அப்புறம் என் பக்கம் கையைக் காட்டி, "இவர் சின்னவர், இவரும் டிரைவிங் லைன்தான்" என்பார். பதினாறு பேர் இருக்கிற கூடத்தில் அப்படி ஒருமுறை சொல்லிப் பாருங்கள், உங்களுக்கும் சகலையைப் பிடிக்காமல் போகும்.

ஆனால் அந்த மனிதரை வெறுப்பதும் லேசில்லை. வெறுக்கலாம் என்று கிளம்பிப் போனால் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். சோபாவில் தூங்குவார். முடி வெட்டுகிற நாற்காலியில் தூங்குவார். ஒருமுறை ஃபிரிட்ஜைத் திறந்து, தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்து, அந்தத் திறந்த கதவிலேயே சாய்ந்து தூங்கியிருக்கிறார். பால் கெட்டுப்போய்விடுமே என்ற கவலையில்தான் அவரை எழுப்பினோம்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஓட்டியது இரண்டு விசிறி வைத்த சின்ன விமானம். டவுன் பஸ் கணக்காக ஏறும், இறங்கும், கூட்டத்தை இறக்கிவிட்டு ஏற்றிக்கொண்டு மறுபடி ஏறும். இன்றைக்கு விடிவதற்கு முன்னால் வேலை என்றால் நாளைக்கு மதியத்துக்கு மேல். அடுத்த வாரம் எல்லாம் தலைகீழ். சட்டப்படி கொடுக்க வேண்டிய ஓய்வைக் கம்பெனி கொடுத்துவிடும். ஆனால் ஓய்வு கிடைக்கிற நேரத்தில் தூக்கம் வர வேண்டுமே, அது கம்பெனியின் சம்பளத்தில் இல்லை.

தூங்குவதற்காக அவர் ஒரு கருவி வைத்திருந்தார். அதன் பெயர் "சரிம்மா".

அவர் மனைவி, அதாவது என் மனைவியின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், பல் டாக்டரிடம் உதவியாளர். நாள் முழுக்க வாயைத் திறந்துகொண்டு பதில் சொல்ல முடியாதவர்களிடமே பேசிப் பழகியவர். வீட்டிலும் அதே வேகத்தில் பேசுவார். அவர் எங்கே மூச்சு வாங்குகிறாரோ சரியாக அந்த இடத்தில் சகலையின் வாயிலிருந்து ஒரு "சரிம்மா" வந்து விழும். கண் பாதி திறந்திருக்கும், தலைகூட ஒரு தரம் ஆடும். ஆனால் உள்ளே ஆள் இருக்க மாட்டார். ஒருநாள் அண்ணிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இந்த வீட்டை வித்துடலாமா?"

"சரிம்மா."

"உங்களையும் சேர்த்து?"

"சரிம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் பிழைப்பில் மிகவும் ஆபத்தான சொல் அதுதான். வண்டியில் உட்கார்ந்து, ஏன் எதற்கு என்று குடைந்து எடுக்கிறவரைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. நான் சொல்லி முடிப்பதற்குள் "சரி சார், சரி சார்" என்கிறவர்தான் நேராகப் போய் யார் வீட்டு கேட்டிலாவது முட்டுவார். அதனால்தான் கற்றுக்கொடுக்கிற வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது. என் வலது கால் அதை விட்டு நகராது. இதையெல்லாம் ஒருநாள் சகலையிடம் விளக்கமாகச் சொன்னேன். "சரி தம்பி" என்றார்.

விமானத்தில் இருக்கிற அத்தையைப் பற்றி அவர் சொன்னதும் அன்றைக்குத்தான். அபூர்வமாக விழித்திருந்தார். விமானத்துக்குள் ஒரு பெட்டி இருக்கிறதாம். இறங்கும்போது தரையோ மலையோ வரக்கூடாத விதத்தில் கிட்டே வந்தால் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பெண்குரல் கத்துமாம், "டெரெய்ன், டெரெய்ன், புல் அப்" என்று. தரை வருகிறது, மேலே தூக்கு என்று அர்த்தம். எந்த விமானிக்கும் அதைக் கேட்டால் குலை நடுங்க வேண்டும். ஆனால் இவர்கள் தினமும் போய்வருகிற ஒரு மலையூரில் ஓடுபாதைக்கு முன்னால் ஒரு குன்று இருக்கிறது. உச்சியில் சிவப்பும் வெள்ளையும் அடித்த ஒரு கோபுரக் கம்பம். விமானம் ஒழுங்கான உயரத்தில் வந்தாலும் கீழே அந்தக் குன்று திடீரென்று எழும்புவதைப் பார்த்துப் பெட்டி பயந்துவிடும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே கத்தல்.

விதி தெளிவாகத்தான் இருந்தது. கம்பம் கண்ணுக்குத் தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் ஏன் என்று கேட்காமல் மேலே தூக்க வேண்டும். ஆனால் அங்கே பெரும்பாலும் நல்ல வெயில், கம்பம் பளிச்சென்று தெரியும். நாளடைவில் அந்தக் குரலுக்கு அத்தை என்று பெயர் வந்துவிட்டது. வயதான அத்தையிடம் ஆளாளுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிற கதைதான். ஒருவர் "பார்த்தாச்சு அத்தை" என்பாராம். இன்னொருவர் "வந்துட்டோம் அத்தை" என்பாராம். நம்மவர் என்ன சொல்வார் என்று நான் கேட்கத் தேவையே இருக்கவில்லை.

"அந்த அத்தை என்னைக்காவது நிஜமாவே சொன்னா?" என்று கேட்டேன். அதற்குள் தூங்கிவிட்டிருந்தார்.

இதற்கிடையில் அவருக்குப் பெரிய விமானத்துக்கு மாற்றம் வந்தது. அடுத்த மாதம் பயிற்சி. அதுவரை வேலையில் ஒரு கரும்புள்ளி விழக்கூடாது, விழுந்தால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மாமனார் அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு வேறு, அந்த விமானத்தில் எத்தனை சக்கரம் என்று பாடமே நடத்தினார்.

அப்போதுதான் நாங்கள் குடும்பத்தோடு அந்த மலையூருக்குப் போனோம். மாமனாரின் தங்கை வீடு அங்கே இருக்கிறது. போகும்போது ரயில். திரும்பும்போது பெரிய மாப்பிள்ளை ஓட்டுகிற விமானத்திலேயே வருவது என்று ஏற்பாடு. மாமனார் அதுவரை விமானத்தில் கால் வைத்ததில்லை. அதற்காகவே புது ஷூ வாங்கினார். அது காலைக் கடித்தது. கடித்தாலும் கழற்றவில்லை.

அந்த விமான நிலையம் ஒரே ஒரு கூடம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, தரையோடு திருகி வைத்த நாற்காலிகள், காசு போட்டால் காபி கொடுக்கிற இயந்திரம் ஒன்று. நாங்கள் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் வரப்போகிற விமானி யாருடைய மாப்பிள்ளை என்று தெரிந்துவிட்டது. பெட்டிகளை எடைபோடுகிற பெண்ணுக்கு இரண்டு தடவை தெரிந்தது. சகலை அன்று விடியற்காலையிலேயே ஒருமுறை அங்கே வந்து இறங்கிவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். எங்களைக் கூட்டிப்போக இரண்டாவது முறையாக வந்துகொண்டிருந்தார்.

வெளியே குன்றின் பாதிக்கு மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. கம்பத்தைக் காணோம். எல்லோரும் கண்ணாடி ஓரம் போய் நின்றோம். சத்தம் கேட்டது, விமானத்தைக் காணவில்லை. பிறகு திடீரென்று மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஆனால் இறங்கி வரவில்லை. மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் உறுமிக்கொண்டு, கூடத்துக்கு மேலேயே பறந்து மறுபடி மேகத்துக்குள் போய்விட்டது. கண்ணாடி அதிர்ந்தது.

மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். "நமக்காக ஒரு சுத்து சுத்திக் காட்டுறார்" என்று கூடத்துக்கு அறிவித்தார். இரண்டு மூன்று பேர் கைகூடத் தட்டினார்கள். நான் தட்டவில்லை. குனிந்து பார்த்தேன். என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அந்தக் கால் வேடிக்கைக்கெல்லாம் அழுத்துகிற கால் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, மேகம் சற்று விலகிக் கம்பம் தெரிந்தபோது, விமானம் ஒழுங்காக வந்து இறங்கியது. பயணிகள் சாதாரணமாகத்தான் வெளியே வந்தார்கள். ஒருவர் மட்டும் சட்டையெல்லாம் காபி கொட்டிவிட்டதென்று திட்டிக்கொண்டே போனார். சகலை வருவதற்கு நேரமாயிற்று. வந்தபோது தொப்பி தலையில் இல்லை, கையில் இருந்தது. பின்னால் துணை விமானி, சின்ன வயதுப் பெண், பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு வந்தாள். குடும்பம் மொத்தமும் கூடத்தின் அந்தக் கோடியில் பெட்டிகளோடு இருந்தது. காபி இயந்திரத்துக்கு அருகே நான் மட்டும் நின்றேன். அவர் நேரே என்னிடம் வந்தார்.

மலையூருக்கு இறங்குவது மாடிப்படி இறங்குவது மாதிரி என்றார். மேகத்துக்குள் வரும்போது ஒரு புள்ளியைத் தாண்டினால்தான் அடுத்த படிக்கு இறங்கலாம். தாண்டும் முன் இறங்கினால் குன்று. அவர் தாண்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு அடுத்த படிக்கு இறங்கிவிட்டார். அந்தப் பெண்ணும் விடியற்காலையிலிருந்து அவரோடு ஓடிக்கொண்டிருப்பவள், அவளும் கவனிக்கவில்லை. அத்தை கத்தினாள்.

"நான் சரிம்மான்னு சொன்னேன் தம்பி" என்றார்.

அவரே தொடர்ந்தார். "பக்கத்துல அந்தப் பொண்ணுதான் மெதுவா கேட்டா. சார், அத்தை கத்துற இடம் இன்னும் வரலையேன்னு. அப்புறம்தான் மேலே தூக்கினேன்."

எப்படித் தாண்டினதாக நினைத்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"தாண்டின ஞாபகம் இருந்துச்சு. நல்லா ஞாபகம் இருந்துச்சு. ஆனா அது காலையில தாண்டினது."

இதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்றும் அவரே சொன்னார். அந்த ஊரில் அத்தை எல்லோருக்கும் கத்துகிறவள்தான். மேகம் இருந்தது, மேலே தூக்கினேன் என்றால் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். இன்னும் ஒரே ஒரு பறப்பு, எங்களைக் கொண்டுபோய் ஊரில் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. முடியாது என்று சொன்னால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொன்னால் பெரிய விமானம் போய்விடும். இதையெல்லாம் என்னிடம் கேள்வியாகக் கேட்கவில்லை. கணக்கைப் போட்டு எனக்குக் காட்டிவிட்டு, நிலைய மேலாளரின் மேசைக்குப் போனார்.

களைப்பாக இருக்கிறது, ஓட்ட முடியாது என்று சொல்ல விமானிக்கு உரிமை உண்டு. கம்பெனி சுவரில் அதைப் படம் போட்டே ஒட்டியிருக்கிறது. சொன்ன ஆளைத்தான் யாரும் பார்த்ததில்லை. மேலாளரும் பார்த்ததில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. உடனே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு இவர் கையில் கொடுத்தார். அந்தப் பக்கத்துக் குரல் தேனாக ஒழுகியது எனக்கே கேட்டது. ஒரு மணி நேரம்கூட ஆகாத பறப்பு, உங்களை மாதிரி அனுபவசாலி, ஒரு காபி குடியுங்கள், இறங்கினதும் நேரே வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்றது.

அதற்குள் சேதி கூடத்தில் பரவிவிட்டது. மாமனார் கடிக்கிற ஷூவோடு நொண்டிக்கொண்டே ஓடி வந்தார். அவரும் காபி என்றார். எழுபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். தன் முகத்தில் கரி பூசிவிடாதீர்கள் என்று கெஞ்சினார். அண்ணி அவருக்கும் முன்னால் வந்து சகலையின் சட்டைக் கையைப் பிடித்தார்.

"ஏங்க, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. வீட்டுக்குத்தானே போறோம். கிளம்பலாம்ங்க."

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். மாமனார் காத்திருந்தார், மேலாளர் காத்திருந்தார், போனில் இருந்த ஆளும் காத்திருந்திருப்பார். எல்லோருக்கும் அடுத்து வரப்போகிற சொல் தெரியும். எனக்கும் தெரியும். என் கால் மறுபடி தரையை அழுத்தியது. ஆனால் இந்த வண்டியில் என் பக்கம் பிரேக் கிடையாது.

"மாட்டேம்மா" என்றார் சகலை.

அண்ணி சட்டையை விட்டுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் கேட்டதில்லை. சகலை கையிலிருந்த போனைக் காதில் வைத்து, தேன் ஒழுகின ஆளிடம், எந்தப் படியில் தவறி இறங்கினார், எந்த இடத்தில் அத்தை கத்தினாள், தான் என்ன பதில் சொன்னார் என்பது வரை ஒன்றுவிடாமல் சொன்னார். அண்ணி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். வாயைத் திறந்தபடி, ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். அப்புறம் சகலை போனைக் கொடுத்துவிட்டு, கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். தலை சாய்வதற்குள் தூங்கிவிட்டார். துணை விமானி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பைக்குள் புதைத்துக்கொண்டாள். அழுதாளா தூங்கினாளா என்று நான் பார்க்கப் போகவில்லை.

வேறு விமானிகள் வந்து சேர மாலையாகும் என்று அறிவித்தார்கள். கூடம் கொதித்தது. தூக்கம் வருகிறதாம் துரைக்கு என்றார் ஒருவர். நாங்கள் மட்டும் விடியவிடியத் தூங்கிவிட்டா வந்தோம் என்றார் இன்னொருவர். மாமனார் மெதுவாக எழுந்து, மாப்பிள்ளையிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தூரம் போய் உட்கார்ந்தார். யாராவது பேச்சுக் கொடுத்தால் ஜன்னலைப் பார்த்தார். அவரைத் தெரியவே தெரியாது என்கிற பாவனையை அதற்கு மேல் யாராலும் செய்ய முடியாது.

எனக்குப் பொறுக்கவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கேட்டதை அப்படியே சொன்னேன். அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார்.

"நான் கையாட்டினேனே, அப்பவா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

அந்த நேரம் பார்த்து, சகலையின் நாற்காலிக்கு எதிரே ஒருவர் நின்றுகொண்டு, இவனையெல்லாம் வேலையை விட்டுத் தூக்க வேண்டும் என்று உரக்கச் சொன்னார். மாமனார் வெறுங்காலோடு எழுந்து கூடத்தைக் கடந்து போனார். என்ன ஆகப்போகிறதோ என்று நானும் பின்னாலேயே போனேன்.

"மெதுவாப் பேசுங்க, அவர் என் மாப்பிள்ளை" என்றார். "தூக்கம் வந்தா தூக்கம் வருதுன்னு சொல்றவர். உங்களுக்குச் சொல்லாத ஆள்தான் வேணும்னா வேற விமானத்துல போங்க."

அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார். மாமனார் சகலையின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சாயங்காலம் வரை யாரையும் உரக்கப் பேசவிடவில்லை. தண்ணீர் குடித்ததற்காக என்னையே இரண்டு முறை முறைத்தார். பெரிய மாப்பிள்ளை என்றால் அந்த வீட்டில் எப்போதுமே தனி மரியாதைதான், இதில் எனக்குப் புதிதாக வருத்தப்பட ஒன்றுமில்லை.

பெரிய விமானம் போய்விட்டது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வரிசையில் அடுத்தவருக்குக் கிடைத்தது. சகலையைப் பறக்கவிடாமல் உட்காரவைத்து, மறுபடி பயிற்சி கொடுத்து, பழைய விசிறி விமானத்துக்கே அனுப்பினார்கள். குன்றுக்கு முன்னால் அத்தைக்கு வாயால் பதில் சொல்வது கம்பெனியில் நின்றுபோனது. அத்தை என்ற பெயர் மட்டும் நிற்கவில்லை.

அன்றைக்கு மாலை வெயில் சாய்வதற்கு முன்னால் புது விமானிகள் வந்து எங்களை ஏற்றிக்கொண்டார்கள். மேகம் விலகியிருந்தது. சகலை ஜன்னல் ஓரத்தில், பக்கத்தில் அண்ணி, நடைபாதைக்கு இந்தப் பக்கம் நான். பெல்ட் போட்டதும் சகலை தூங்கிவிட்டார். அண்ணி அந்தப் போன் பேச்சுக்குப் பிறகு யாரிடமும் பேசவில்லை. இத்தனை வருடத்தில் அவரை அவ்வளவு நேரம் மௌனமாக நான் பார்த்ததில்லை.

விமானம் குன்றுப் பக்கமாகக் கிளம்பியது. ஜன்னலுக்கு வெளியே குன்று வந்தது. உச்சியில் சிவப்பு வெள்ளைக் கம்பம். அதன் இரும்புப் படிகளைக்கூட எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. அடியில் யாரோ ஒரு ஆள் வேலியில் துணி காயப்போட்டிருந்தார். அண்ணி சகலையின் மேல் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

"இதைவிடக் கிட்டயா போனீங்க?" என்று கேட்டார். தூங்குகிறவரிடம் கேட்கிற குரலில், தனக்குத்தானே கேட்டுக்கொள்கிற மாதிரிதான் கேட்டார்.

"சரிம்மா" என்றார் சகலை.

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது சகலையின் கண் திறந்தது. பாதி திறந்து வைத்திருப்பாரே அந்தத் திறப்பு இல்லை, முழுசாகத் திறந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப என்ன சொன்னே?" என்றார்.

ஒன்றுமில்லை, தூங்குங்கள் என்றார் அண்ணி. சகலை தூங்கவில்லை. இல்லை, சொல்லு, கேட்கவில்லை என்றார். கல்யாணமான நாளிலிருந்து அண்ணி எவ்வளவோ பேசியிருக்கிறார். இன்னொரு தரம் சொல் என்று அவரை யாரும் கேட்டதில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னார்.

சகலை ஜன்னல் பக்கம் திரும்பினார். கம்பம் அதற்குள் பின்னால் போய்விட்டிருந்தது. கழுத்தை வளைத்து அதைத் தேடிப் பார்த்துவிட்டு, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாம்மா" என்றார். "இதைவிடக் கிட்டதான்."